ஓய்வில் இறுகும் தட்டுகள்

மழை ஓய்ந்து, திண்ணையோரம் பல வாரம் நின்ற மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கிறோம். எஞ்சின் சில உதைகளில் பிடித்துக்கொள்கிறது. கிளட்ச் லீவரை முழுக்க அழுத்தி முதல் கியரைப் போட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிடுகிறது. மறுபடி முயன்றாலும் அதேதான். லீவர் வழக்கம்போல் இயங்குகிறது, கேபிள் அறுந்துவிடவில்லை. ஆனாலும் எஞ்சினும் சக்கரமும் ஒன்றையொன்று விட மறுக்கின்றன. 'பிளேட்டு ஒட்டிக்கிச்சு' என்று மெக்கானிக் ஒரே வரியில் சொல்லிவிடுவார். ஓடாமல் நின்ற வண்டியில், எந்தப் பசையும் தடவாத தட்டுகள் எப்படி ஒட்டின? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது. விடை தெரிந்தால் பெரும்பாலும் புதுத் தட்டு வாங்காமலே வண்டியை மீட்டுவிடலாம்.

குளிர் நாடுகளில் இது ஆண்டுதோறும் வருகிற தொல்லை. கனடாவில் வாழும் தமிழர்கள் நவம்பரில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பார்கள். பனியில்லாத நம் ஊர்களிலும் வண்டிகள் நீண்ட நாள் நிற்பதுண்டு. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு கோலார் தங்கவயல்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். மார்கழி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும். பகலில் வெயில், இரவில் குளிர், காற்றில் ஈரம். நிறுத்திவைத்த வண்டிக்கு இவை மூன்றும் சேர்வது நல்லதல்ல. ஊரின் வாழ்க்கைமுறையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடிய பிறகு, பல வீடுகளில் வேலை செய்யும் வயதினர் பெங்களூருக்குப் பிழைப்பைத் தேடிப் போனார்கள். மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காரப்பேட்டை வழியாகப் போகும் விடியற்கால ரயில்தான் அவர்களுக்கு உயிர்நாடி. வீட்டிலிருந்து ரயிலடி வரைக்கும் வண்டி ஓடுகிறது. தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். வேலைக்காகப் பெங்களூரிலோ வளைகுடா நாட்டிலோ தங்கிவிட்டால் மாதக்கணக்கில் ஓடுவதேயில்லை. குறுகிய ஓட்டம், நீண்ட நிறுத்தம்: கிளட்ச் ஒட்டிக்கொள்ள இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை.

கிளட்சின் உள்ளே

எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்க, சக்கரம் நிற்கவும் வேண்டும், வேண்டும்போது சுற்றவும் வேண்டும். இந்த இரண்டையும் இணைப்பதும் பிரிப்பதுமே கிளட்சின் வேலை. நம் ஊரில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எண்ணெயில் நனைந்த பல தட்டுக் கிளட்ச். வட்டமான ஹவுசிங்குக்குள் இரண்டு வகைத் தட்டுகள் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒருவகை, வெறும் எஃகுத் தட்டு. மற்றது, இரு முகத்திலும் நார், பிசின் கலந்த உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டு. பழைய வண்டிகள் சிலவற்றில் இந்த இடத்தில் தக்கை இருந்தது. ஒருவகைத் தட்டுகள் எஞ்சினோடும் மற்றவகை கியர் பெட்டியோடும் பல்லால் பிணைந்திருக்கும். அடுக்கின் முனையில் இருக்கும் பிரஷர் பிளேட் என்ற அழுத்தும் தட்டின் மேல் உட்கார்ந்த ஸ்பிரிங்குகள் முழு அடுக்கையும் இறுக்கி அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் எஞ்சினின் திருப்பு விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது.

லீவரைப் பிடிக்கும்போது பிரஷர் பிளேட் சற்றே விலகுகிறது. எவ்வளவு விலகுகிறது என்பது இங்கே முக்கியம். பொதுவாக 2 மில்லிமீட்டர் அளவுதான். அடுக்கில் எட்டோ பத்தோ உராயும் முகங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடைவெளி சுமார் 0.2 மில்லிமீட்டர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லீவர் அழுத்தத்தைத்தான் நீக்குகிறது, தட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று இழுத்துப் பிரிப்பதில்லை. அழுத்தம் நீங்கியதும் அவை தாமாக விலக வேண்டும். ஓடும் வண்டியில் சுழற்சியும் அதிர்வும் தட்டுகளுக்கிடையே புகும் எண்ணெயும் விலக்கிவிடும். நின்றுபோன வண்டியில் அந்த உதவி எதுவும் கிடையாது.

இந்த வகைக் கிளட்ச் தங்கவயலுக்கு வெளியிலிருந்து வாங்கும் பொருள் மட்டுமல்ல. 1964-இல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். பொதுத்துறை நிறுவனம் இதே ஊரில் புல்டோசர்களை உற்பத்தி செய்துவருகிறது. பல டன் எடையுள்ள அந்தச் சங்கிலிச் சக்கர வண்டிகள் இடமோ வலமோ திரும்புவதற்கும் எண்ணெயில் நனைந்த பல தட்டுக் கிளட்சே பயன்படுகிறது. அளவு மட்டும்தான் வேறு, இயற்பியல் ஒன்றே.

அசையாத எண்ணெயின் பிடி

இரண்டு கண்ணாடித் தகடுகளை நனைத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். நேராக மேலே இழுத்தால் வராது. பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கிளட்சை விடுவிக்கும் கலையின் சாரம் முழுக்க இந்தச் சின்னச் சோதனையில் இருக்கிறது.

இதற்கான கணக்கை 1874-இல் வியன்னாவில் எழுதியவர் யோசெஃப் ஸ்டெஃபான். சூடான பொருள்கள் உமிழும் கதிர்வீச்சின் விதியில் போல்ட்ஸ்மனோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அதே ஸ்டெஃபான்தான். அவர் கண்டது இது: திரவத்துக்குள் நெருங்கியிருக்கும் இரு தட்டுகளை இழுத்துப் பிரிக்க வேண்டுமானால், உண்டாகும் இடைவெளியை நிரப்பத் திரவம் விளிம்பிலிருந்து உள்ளே பாய்ந்து வர வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் திரவத்தால் விரைந்து வர முடியாது. அது வந்து சேரும்வரை தட்டுகள் பிரியாது. அதாவது தட்டுகளைத் தாமதப்படுத்துவது திரவத்தின் பாகுத்தன்மைதான். இடைவெளி பாதியானால், அதே விசையால் பிரிப்பதற்கு நான்கு மடங்கு நேரமாகும். பத்தில் ஒன்றானால் நூறு மடங்கு.

கிளட்ச் தட்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். சராசரி விட்டம் 12 சென்டிமீட்டர், பட்டையின் அகலம் 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளங்கள் இல்லாத வழவழப்பான முகம், 15 டிகிரிக் குளிரில் இருக்கும் எஞ்சின் எண்ணெய், ஒரு கிலோ எடை அளவுக்கு ஒரு இழுவிசை. எண்ணெய்ப் படலம் 10 மைக்ரான் தடிப்பில் இருக்கிறது என்றால் இரண்டரை நிமிடத்தில் தட்டுகள் பிரிந்துவிடும். ஆனால் ஸ்பிரிங்குகள் இடைவிடாமல் அழுத்துவதால் நேரம் போகப் போக எண்ணெய் விளிம்பு வழியே கசிந்து வெளியேறும். படலம் 1 மைக்ரானுக்கு மெலிந்துவிட்டால் அதே விசைக்கு அதே தட்டுகள் பிரிய நான்கு மணி நேரம் தேவைப்படும்.

இப்போது அந்த 1 மைக்ரான் படலத்தை நேராக இழுக்காமல், அதே ஒரு கிலோ விசையைப் பக்கவாட்டில் செலுத்துவோம். தட்டு நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் நழுவத் தொடங்கிவிடும். எண்ணெய் திரவம் என்பதால் பக்கவாட்டு விசையைத் தடுத்து நிறுத்தும் வலு அதற்கு இல்லை. எவ்வளவு மெல்லிய விசையானாலும், மெதுவாகவேனும், அது இணங்கித்தான் ஆக வேண்டும்.

வெப்பமும் உதவிக்கு வருகிறது. நம் வண்டிகளில் ஊற்றும் 20டபிள்யூ-40 எண்ணெயின் பெயரில் உள்ள 40 என்ற எண், 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மை 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்குக்கும் இடையே இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் தரம். 40 டிகிரியில் அதே எண்ணெய் ஏறத்தாழ எட்டு மடங்கு கெட்டி. குளிர்காலக் காலையில் இன்னும் பல மடங்கு கெட்டி. நாம் போட்ட கணக்கில் நான்கு மணி நேரம் எடுத்த தட்டுகள், எண்ணெய் 100 டிகிரியை எட்டினால் ஆறேழு நிமிடத்தில் பிரிந்துவிடும்.

உராய்வுப் பட்டையில் குறுக்கே வெட்டியிருக்கும் பள்ளங்களின் பயனும் இங்கே விளங்கிவிடும். திரவம் கடக்க வேண்டிய அகலத்தை அவை துண்டாக்குகின்றன. அகலம் பாதியாக வெட்டுப்பட்டால் எண்ணெயின் பிடி நான்கில் ஒரு பங்காகக் குறையும். தேய்ந்து பள்ளம் மறைந்துபோன தட்டு, புதுத் தட்டைவிட எளிதில் ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆனால் எண்ணெய் மட்டுமே காரணமாக இருந்தால் வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்தாலே கிளட்ச் விட்டுவிட வேண்டும். பல வண்டிகளில் விட்டும்விடுகிறது. விடாதபோது உள்ளே திரவமல்லாத ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது நீரின் வேலை.

எண்ணெய்க்குள் நீர்

மூடிய எஞ்சினுக்குள் நீர் எப்படி வரும்? பெட்ரோல் ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்தது. எரியும்போது ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு கூடி நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் உண்டாகும் நீர் ஏறத்தாழ ஒரு லிட்டர். அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் சைலன்சர் முனையில் சொட்டும் நீர் இதுதான். ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெய் அறைக்கும் இறங்குகிறது.

வண்டி நீண்ட தூரம் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடேறி அந்த நீரை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். வீட்டிலிருந்து ரயிலடி வரைக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் எண்ணெய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு குட்டிப் பயணமும் துளி நீரைச் சேர்க்கிறது, எதுவும் அதை வெளியேற்றுவதில்லை. பிறகு வண்டி நிற்கும் நாட்களில், எஞ்சின் பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை மூச்சுக்குழாய் வழியே உள்ளே இழுக்கும். அந்த ஈரம் உலோகச் சுவரில் படிந்து நீராகும். பழைய எண்ணெயில் அமிலத்தன்மையும் இருக்கும். நீரும் அமிலமும் எஃகுத் தட்டைத் தொட்டால் துரு பிடிக்கும்.

உராய்வுப் பட்டை நார்களால் ஆனது, நுண்துளைகள் நிறைந்தது. துளைகளில் தங்கும் ஈரம் எஃகின் மேல் நாள்கணக்கில் அழுந்திக் கிடக்கிறது. எஃகில் முளைக்கும் துரு நார்களுக்குள் நுழைந்து பற்றிக்கொள்கிறது. கூடவே, காற்றுபட்டுச் சிதைந்த எண்ணெய் தட்டின் விளிம்பில் பிசினாக இறுகுகிறது. துருவும் பிசினும் திடப்பொருள்கள். மெல்லத் தள்ளினால் திரவம் இணங்கும், திடப்பொருள் இணங்காது. அது ஒரு வரம்பு வரைக்கும் தாங்கி, அந்த வரம்பைத் தாண்டியதும் சட்டென்று உடையும்.

எல்லா வண்டிகளுக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. ஸ்ப்ளெண்டர் போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய். எரிப்பில் உண்டாகும் நீர் நேராகக் கிளட்சை எட்டிவிடும். யமஹா ஆர்எக்ஸ்100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கிளட்ச் தனிக் கியர் எண்ணெயில் இருக்கிறது. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டிலும் கிளட்ச் தனி அறையில்தான். இவற்றுக்கு எரிப்பு நீர் வராது. காற்றின் ஈரம் மட்டும் வரும்.

காலம் கூட்டும் உராய்வு

ஈரமே இல்லாவிட்டாலும், ஓய்வில் இருக்கும் இரு பரப்புகள் காலப்போக்கில் இறுகுகின்றன. இதை முதலில் முறையாக அளந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும். மின்னூட்ட விதியால் பள்ளிப் பாடங்களில் அறிமுகமானவர். உராய்வு பற்றிய ஆய்வுக்காக 1781-இல் பாரிசின் அறிவியல் கழகத்திடம் பரிசு பெற்றார். மரமும் உலோகமும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு நேரம் ஓய்ந்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு அவற்றை நகர்த்தத் தொடங்கும் விசை கூடுவதை அவர் பதிவு செய்தார்.

காரணம் 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிந்தது. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் காட்டியபடி, எவ்வளவு மழமழப்பாகத் தெரிந்தாலும் எந்தப் பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமுமாகவே இருக்கிறது. இரு பரப்புகள் சேரும்போது அங்கங்கே சில மேடுகள் மட்டுமே தொடுகின்றன. உண்மையில் தொடும் பரப்பு, கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பங்கு. முழு அழுத்தத்தையும் சுமக்கும் அந்த மேடுகள் மெல்ல மெல்ல நசுங்கி அகலமாகின்றன. நேரம் போகப் போகத் தொடும் பரப்பு கூடுகிறது, பிடியும் கூடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் டீட்ரிக் 1972-இல் பாறைகளில் இதை அளந்து காட்டினார். காத்திருக்கும் நேரம் ஒரு நொடியிலிருந்து பத்து நொடியாகக் கூடினாலும், பத்திலிருந்து நூறாகக் கூடினாலும், உராய்வு ஏறத்தாழச் சமமான சிறு அளவே கூடுகிறது. அதாவது தொடக்கத்தில் வேகமாக வளர்ந்து, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல் வளர்கிறது. 1994-இல் அவரும் கில்கோரும் ஒளி ஊடுருவும் பொருள்களைப் பயன்படுத்தி, தொடும் புள்ளிகள் நேரத்தோடு பெரிதாவதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள்.

டீட்ரிக் பாறையை ஆராய்ந்தது நிலநடுக்கத்தைப் புரிந்துகொள்வதற்காக. பூமியின் பிளவுப் பரப்புகள் நீண்ட காலம் அசையாமல் இறுகிக் கிடந்து, சுமை தாங்க முடியாதபோது சட்டென நழுவுகின்றன. இந்த இயற்பியலைத் தங்கவயல்காரர்களுக்குப் புத்தகம் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் எடை மட்டுமே வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 800 மடங்கு அழுத்தும். அங்கே தங்கம் எடுத்த வெற்றிடத்தைச் சுற்றிய பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதுண்டு. பழைய சுரங்கத் தொழிலாளர்கள் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். பொறியியல் நூல்கள் 'ராக் பர்ஸ்ட்' என்கின்றன. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அதில் ஆளை இழந்திருக்கின்றன. தாங்கிநின்ற பாறைத் தூண் நொறுங்குவதால் சில நேர்ந்தன. இறுகிக் கிடந்த பிளவு நழுவுவதால் சில நேர்ந்தன. இவற்றை ஆராய்வதற்கு, 1988-இல் இந்த ஊரிலேயே தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது.

உள்ளங்கை அகலத் தட்டையும் மலையளவு பாறையையும் ஒரே விதிக்குள் பார்க்க முடிகிறது என்பது அறிவியல் நமக்குத் தரும் பெரும் பேறு. அழுத்தத்தில் சேர்ந்திருக்கும் பரப்புகள் சும்மா இருப்பதில்லை. அசைவு இல்லாதபோதும் அவற்றுக்கிடையே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. தேய்மானத்தை ஓட்டம் கொடுக்கும், இறுக்கத்தை ஓய்வு கொடுக்கும்.

விடுவிக்கும் வழி

ஒட்டியிருப்பது எண்ணெயா, துருவா என்பது வெளியிலிருந்து தெரியாது. எனவே எண்ணெய்க்கு உரிய மெல்லிய வழியில் தொடங்கிப் படிப்படியாக வலுவைக் கூட்ட வேண்டும். சாவியை அணைத்துவிட்டே தொடங்குங்கள்.

முதலில் லீவர். பிடிக்கும்போது கரகரவென்று இறுக்கமாக இருந்தால் கோளாறு கேபிளில் இருக்கலாம். தங்கவயலில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் பறந்துவரும் மண்ணும் மழை ஈரமும் கேபிள் உறைக்குள் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துத் திணறும். மெல்லிய எண்ணெய் விட்டு அசைத்துப் பாருங்கள், இழை பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். லீவர் தொளதொளவென்று இருந்தால், பிரஷர் பிளேட் போதிய அளவு விலகுவதில்லை. ஒரு முகத்துக்கு 0.2 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது என்பதால் கேபிளின் சிறு தளர்ச்சிகூடக் கிளட்சை முடக்கிவிடும். வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்குத் தளர்ச்சியைச் சரிசெய்யுங்கள். பலருடைய சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடும்.

அடுத்தது உதை. பழைய புல்லட்டில் கிக்கரின் விசை கியர் பெட்டி, கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. அதனால் லீவரைப் பிடித்துக்கொண்டு உதைத்தால் தட்டுகளுக்கிடையே நேரடியாக நழுவு விசை விழும். ஒட்டியிருக்கும்வரை கிக்கர் கனமாக இருக்கும், விட்டதும் தடையின்றி இறங்கும். 1956-இல் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. காலையில் இப்படிச் சில உதைகள் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவது அதன் பழைய உரிமையாளர்களின் பழக்கம். ஆர்எக்ஸ்100-இல் இந்த வழி பயன்படாது. அதன் கிக்கர் கிளட்ச் ஹவுசிங்கை நேரடியாகச் சுற்றுவதால் தட்டுகளுக்கிடையே விசை விழாது.

மூன்றாவது, ஆட்டுதல். எஞ்சின் அணைந்திருக்க, கடைசிக் கியரைப் போட்டு, லீவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஏன் கடைசிக் கியர்? முதல் கியரில் எஞ்சின் பல சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். திருப்பித் தள்ளும்போது நம் விசை அதே விகிதத்தில் குறைந்துபோய்க் கிளட்சைச் சேர்கிறது. கடைசிக் கியரில் அந்த விகிதம் சிறியது, ஆகவே அதே தள்ளுதல் தட்டுகளில் அதிகத் திருப்பு விசையைத் தரும். சீரான தள்ளல் எண்ணெய்ப் படலத்தை நழுவச் செய்யும், சின்னச் சின்ன அதிர்வுகள் துருவின் பிடியை உடைக்கும். இரண்டும் தேவை.

நான்காவது, வெப்பம். நியூட்ரலில் எஞ்சினைக் கிளப்பி, திறந்த வெளியில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். மூடிய அறையில் கூடவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ காட்டாமல் உயிரைப் பறிக்கும். எண்ணெய் சூடேறியதும் அணைத்துவிட்டு, மறுபடி கடைசிக் கியரில் ஆட்டுங்கள். குளிரில் அசையாத தட்டுகள் பல சமயம் இப்போது விட்டுவிடும். லீவரை நார்த்துணியால் கைப்பிடியோடு கட்டி, ஓரிரவு விட்டுவைப்பதும் நல்லது. எண்ணெய் விளிம்பிலிருந்து உள்ளே ஊர்ந்துவரத் தேவையான நேரத்தை ஸ்டெஃபானின் கணக்கு நமக்குச் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தை அதற்குக் கொடுப்போம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. கிளட்ச் ஒட்டிய வண்டியை உருட்டிக் கிளப்பி, சாலையில் ஓட்டி, பிரேக் அடித்து விடுவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சக்கரத்தை எஞ்சினிலிருந்து பிரிக்க முடியாத வண்டி, ஆள் குறுக்கே வந்தாலும் தள்ளிக்கொண்டே போகும். தட்டுகளின் விலை எவ்வளவானாலும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

திறந்து பார்க்கும்போது

இத்தனைக்குப் பிறகும் விடாவிட்டால் கிளட்ச் மூடியைத் திறக்க வேண்டியதுதான். எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒருபக்கம் மட்டும் அழுத்தம் நீங்கினால் பிரஷர் பிளேட்டின் தூண்கள் உடையக்கூடும். தட்டுகளை எடுக்கும் வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிவையுங்கள். ஒட்டிய தட்டுகளை நெம்பிப் பிரிக்காமல் திருகிப் பிரியுங்கள். காரணத்தை மேலே பார்த்தோம்.

எஃகுத் தட்டில் மேலோட்டமாகத் துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மண்ணெண்ணெயில் கழுவலாம். குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்து, வளைந்த தட்டைக் கண்டுபிடிக்கலாம். உராய்வுத் தட்டின் தடிப்பை வெர்னியரால் அளந்து கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். பட்டை உரிந்தோ துரு ஊறியோ இருந்தால் அது மீளாது. நல்ல நிலையில் இருக்கும் தட்டுகளைப் புது எண்ணெயில் சில மணி நேரம் ஊறவைத்து மாட்டுங்கள். உலர்ந்த பட்டை முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும்.

ஊற்றும் எண்ணெயையும் பார்த்து வாங்க வேண்டும். எரிபொருள் மிச்சமாகும் என்று விற்கும் கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. நனைந்த கிளட்ச் உராய்வால் வாழ்வது. அந்த எண்ணெயில் அது வழுக்கும். மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கென்றே ஜப்பானில் வகுத்த ஜாசோ எம்ஏ தரம் டப்பாவில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்ற தரம் குறைந்த உராய்வுடையது, கியரில்லாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது.

மறுபடி ஒட்டாமலிருக்க

ஒட்டுதலை வலுவாக்குபவை மூன்று: அழுத்தம், ஈரம், நேரம். நேரத்தை நாம் தடுக்க முடியாது. மற்ற இரண்டையும் தடுக்கலாம். நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன் எண்ணெயை மாற்றுங்கள், அமிலமும் நீரும் பழைய எண்ணெயோடு போய்விடும். பிறகு அரை மணி நேரம் நன்றாக ஓட்டிச் சூடேற்றி, மீதி ஈரத்தையும் ஆவியாக்கிவிட்டு நிறுத்துங்கள். லீவரைப் பிடித்த நிலையில் கைப்பிடியோடு கட்டிவையுங்கள். அழுத்தம் நீங்கிய தட்டுகளுக்கிடையே தடித்த எண்ணெய்ப் படலம் தங்கும். ஸ்பிரிங் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். தன் மீள்திறன் எல்லைக்குள் அமுங்கியிருக்கும் எஃகு, விட்டதும் பழைய நிலைக்கே வரும்.

ஊரில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பார்கள். வெளியூரில் இருக்கும் மகனின் வண்டி மீது வைத்த அக்கறை அது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் நீரை உண்டாக்கும், ஆவியாக்காது. கிளப்பாமலே விட்டுவிட்டு, லீவரைப் பத்து முறை பிடித்து விட்டு, கியரில் வைத்து முன்னும் பின்னும் தள்ளினால் போதும். கிளப்பத்தான் வேண்டுமென்றால் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியோடு திரும்பிவிடாமல் பங்காரப்பேட்டை வரைக்கும் ஓட்டிவிட்டு வர வேண்டும்.

விடியற்கால ரயிலை நம்பிப் பிழைக்கும் வீட்டில் மோட்டார் சைக்கிள் நகராத ஒரு காலை, ஒரு நாள் கூலி. கிளட்சைப் பிடித்திருப்பது திரவமா திடமா, விசையை எந்தத் திசையில் செலுத்த வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்தக் கூலி மிஞ்சும். கருவியோ காசோ கேட்காமல் அறிவியல் செய்து தரும் உதவி இது. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது போய்ச் சேர வேண்டும்.